முப்பத்தெட்டாயிரம் யாருடைய பணம்

கொரட்டூர்
7 ஜூலை 2025

கிருபா,

இனி உன்னைப் பார்க்க வரமாட்டேன், பேசமாட்டேன் என்று மே மாதம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சொன்னவள்தான் எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்காக இல்லை. ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும், அதற்காக.

போன வாரம் சம்பளம் போட்ட அன்று ஷிஃப்ட் முடிந்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏ.டி.எம். வாசலில் வரிசையில் நின்றேன். இரண்டாயிரம் கேட்டேன், வரவில்லை. ஐந்நூறு கேட்டேன், வரவில்லை. பின்னால் நின்றவன், "யக்கா, பேலன்ஸ் பாத்துகினு வந்து நில்லேன்" என்றான். பேலன்ஸ் இருந்தது. பதினாறாயிரத்து எழுநூறு என்று திரையில் தெரிந்தது. கண்ணால் பார்க்கலாம், கையில் எடுக்க முடியாது.

மறுநாள் அரைநாள் லீவு போட்டு பேங்குக்குப் போனேன். கணக்கை முடக்கிவிட்டார்கள் என்றார்கள். வடக்கே ஏதோ ஒரு மாநிலத்து சைபர் போலீஸ் சொல்லி முடக்கியதாம். ஏப்ரல் 11ஆம் தேதி உன் கணக்கிலிருந்து என் கணக்குக்கு முப்பத்தெட்டாயிரம் வந்திருக்கிறது, அது திருட்டுப் பணம் என்று புகார். வந்த வாரமே அடகுக் கடை வட்டிக்கும் வாடகைப் பாக்கிக்கும் போய்விட்ட பணம் அது.

அதோடு நிற்கவில்லை. பிள்ளை வர்ஷாவின் கணக்கையும் முடக்கியிருக்கிறார்கள். அவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை, நான்தான் கார்டியன். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் பெயரில் மாதம் ஆயிரம், முடிந்த மாதம் ஆயிரத்தைந்நூறு. கையில் இருந்தால் செலவாகிவிடும், தானாகவே போகட்டும் என்று என் கணக்கோடு அவள் கணக்கை இணைத்துத் தரச் சொன்னது நானேதான். அன்றைக்கு எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இப்போது என் கணக்கு எந்தச் சேற்றில் விழுந்ததோ அதில் அவள் கணக்கும் விழுந்துவிட்டது. ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். அவள் நர்சிங் படிக்க வைத்திருந்த பணம். அடுத்த மாதம் கவுன்சலிங்.

அந்த முப்பத்தெட்டாயிரம் என்ன பணம்? பேங்கில் என்ன சொல்லட்டும்? அதை மட்டும் எழுது.

எழிலரசி


புழல்
14 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் இங்கே ஜெயிலில் ஒருவர் படித்திருப்பார். இதையும் படிப்பார். அதனால் கொஞ்சம் பார்த்து எழுதுகிறேன். பேனாகூடக் கடன்தான்.

கோபத்தில் எழுதினாலும் எழுதினாயே. ஸ்டேஷன் வாசலில் நீ திரும்பிப் போனபோது உன் செருப்பு வார் அறுந்து இழுத்துக்கொண்டே போனாய்.

நடந்ததைச் சொல்கிறேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டெலிவரி பசங்கள் நிற்கிற டீக்கடையில் ஜஸ்டின் என்று ஒருவன் வருவான். என்னைப் போலத்தான் வண்டி ஓட்டியவன், திடீரென்று நல்ல சட்டை போட ஆரம்பித்தான். "இன்னா மச்சான், சும்மா கெடக்குற அக்கவுண்ட்டுதான? குடு. கம்பெனிக்கு வோணும். நீ ஒண்ணியும் செய்ய வேணாம்" என்றான். பாஸ்புக்கு, ஏ.டி.எம். கார்டு, அந்தக் கணக்கில் சேர்த்திருந்த சிம், மூன்றையும் கொடுத்தேன். ஆன்லைன் விளையாட்டுக் கம்பெனி என்றான். நம்பினேன். என்னைப் போல அந்தக் கடையில் பதினோரு பேர் கொடுத்தார்கள். ஜஸ்டின் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் மட்டும் இங்கே இருக்கிறோம்.

பேங்கில் கேட்டால், தம்பி டெலிவரி ஓட்டிச் சேர்த்த பணம், எனக்குத் தரவேண்டிய கடனைத் திருப்பிக் கொடுத்தான் என்று சொல். கடன் உண்மைதானே. என் வண்டிக்கு முன்பணம் கட்டத்தானே உன் செயினை அடகு வைத்தாய்.

இங்கே போன் பேச விடுகிறார்கள். உன் நம்பரைச் சேர்க்க நீ சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். முடிந்தால்.

வர்ஷாவிடம் மாமா கேட்டதாகச் சொல்.

கிருபா


கொரட்டூர்
24 ஜூலை 2025

கிருபா,

நீ சொல்லிக் கொடுத்த பொய்யைச் சொன்னேன். டெலிவரி ஓட்டிச் சேர்த்த பணம் என்றேன். அந்த மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். ஏப்ரல் 11ஆம் தேதி காலை உன் கணக்கில் ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் வந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு கணக்குகளுக்குப் பிரிந்து போயிருக்கிறது. இருபத்திரண்டில் ஒன்று என்னுடையது. "உங்க தம்பி ஒரே நாள்ல இவ்ளோ டெலிவரி பண்ணாராம்மா?" என்று கேட்டார். கவுண்ட்டரில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரிட்டையர்ட் வாத்தியார் ஒருவரை வீடியோ காலில் போலீஸ் மாதிரி மிரட்டிப் பிடுங்கிய பணமாம் அது.

நான் கேட்டேன், சரி, முப்பத்தெட்டாயிரம்தானே வழக்கு, அதை மட்டும் பிடித்து வையுங்கள், என் சம்பளத்தையும் பிள்ளை பணத்தையும் ஏன் பிடிக்கிறீர்கள் என்று. "ரூல் எனக்கும் தெரியும்மா. அவங்க முழுசா முடக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க. நான் கை வெச்சா என் வேல போயிடும்" என்றார்.

புகார் எழுதிக் கொடுத்தேன். இலவச நம்பருக்கு நாலு நாள் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பாட்டைக் கேள். ஐந்தாம் நாள் மெசேஜ் வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? ஏ.டி.எம்.முக்கு ஓடினேன், கிருபா. நிஜமாகவே தீர்ந்துவிட்டது என்று நினைத்து ஓடினேன். கணக்கு அப்படியேதான் இருந்தது. தீர்ந்தது புகார் மட்டும்தான்.

தலைமை அலுவலகத்துக் குறைதீர் அதிகாரிக்கு ரிஜிஸ்தர் தபால் அனுப்பினேன். அதற்கும் மேலே ரிசர்வ் பேங்க் குறைதீர்ப்பாளரிடம் போகலாமாம். ஆனால் பேங்குக்கு முப்பது நாள் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கோடிக்கணக்கில் வாங்கி ஏப்பம் விட்டவனுக்குத் தவணை மேல் தவணை. எனக்கு ஒரு மெசேஜ்கூட இல்லாமல் ஒரே நாளில் பூட்டு.

கம்பெனியில் எங்கள் லைனில் ஹிந்திக்காரப் பையன் ஒருவன் இருக்கிறான். சாப்பாட்டு நேரத்தில் அவனை விட்டு அந்த மாநிலத்துப் போலீசுக்குப் பேசச் சொன்னேன். ஒன்பது தடவை கூப்பிட்ட பிறகு ஒரு ஆள் எடுத்தான். அவன் சொன்னது இது: அந்த முப்பத்தெட்டாயிரம் எதற்காகப் போனது என்று உன் தம்பி சிறையிலிருந்து முத்திரையோடு எழுதித் தரட்டும், அது மட்டும்தான் உன்னிடம் வந்தது, உனக்கு வேறு சம்பந்தம் இல்லை என்று தெரிந்தால் மிச்சத்தை விடச் சொல்கிறோம்.

ஆகவே எழுதிக் கொடு. இந்தத் தடவை உண்மையை.

எழிலரசி


புழல்
30 ஜூலை 2025

அக்கா,

இது தபாலில் வரவில்லை. என் வக்கீல் முகமது ஆசிக் சார் கையில் கொடுத்து அனுப்புகிறேன். சட்ட உதவியில் கிடைத்தவர், காசு வாங்காதவர், நல்லவர். ஆகவே இதில் உண்மையை எழுதலாம்.

அது என் பங்கு. கணக்கைக் கொடுத்ததற்குக் கமிஷன். விளையாட்டுக் கம்பெனி இல்லை என்று எனக்கு முதல் வாரத்திலேயே தெரியும். கையில் காசாகத் தருகிறேன் என்று ஜஸ்டின் சொன்னான். நான்தான், வேண்டாம், எங்க அக்கா கணக்குக்கே போட்டுடு என்று உன் நம்பரைக் கொடுத்தேன். ஏன் தெரியுமா? மார்ச்சில் உன் வீட்டுக்கு வந்தேனே, செயினை மீட்கிற பணத்தை வைக்காமல் படியேறாதே என்று மாடிப்படியில் நின்று கத்தினாய். நாலு வீட்டுக் கதவு திறந்தது. வர்ஷா உள்ளேயிருந்து பார்த்தாள். என் பெயரிலிருந்தே உனக்குப் பணம் வர வேண்டும், உன் போனில் என் பெயர் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். உன்மேல் பழி போடவில்லை. கேட்டாய், சொல்கிறேன்.

நீ கேட்ட காகிதத்தைப் பற்றி ஆசிக் சாரிடம் பேசினேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "உன் கேஸ் முழுக்க ஒரே வரியிலதான் நிக்குது. வேலைக்குன்னு நம்பிக் குடுத்தான், ஒரு ரூபா வாங்கல. அந்த ஒரு வரிக்காகத்தான் ஜட்ஜு பெயில் குடுப்பாரு. நீயே வாங்குனேன்னு எழுதிக் குடுத்துட்டா நான் கோர்ட்ல என்னத்தப் பேசுறது?" என்றார். பெயில் மனு செப்டம்பர் 4ஆம் தேதி வருகிறது. என்னைப் போலக் கணக்கைக் கொடுத்த இரண்டு பேர் போன வாரம் இதே வரியைச் சொல்லி வெளியே போய்விட்டார்கள். வரி போய்விட்டால் வழக்கு முடியும் வரை உள்ளேதான். முடிந்த பிறகும் எத்தனை வருஷமோ.

அக்கா, இங்கே நாற்பது பேருக்கு நடுவில் படுக்கிறேன். ஒருவன் தூக்கத்தில் அழுவான். மற்றவர்கள் திட்டுவார்கள். எனக்கு இருபத்தேழு வயது. நான் கோழை என்று உனக்குத் தெரியும். செப்டம்பர் வரை பொறுக்க முடியாதா? வேறு யாரிடமாவது கைமாற்று கிடைக்காதா? வெளியே வந்தால் நாயாக உழைத்துக் கொடுத்துவிடுவேன்.

வர்ஷாவுக்கு எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும்? அதை எழுது.

கிருபா


கொரட்டூர்
8 ஆகஸ்ட் 2025

கிருபா,

கைமாற்று கேட்கச் சொன்னாய். கேட்டவர்களின் பட்டியல் தருகிறேன்.

கம்பெனியில் எச்.ஆர். சம்பளத்தைக் கையில் தர முடியாதாம். வேறு பேங்கில் கணக்கு திறந்து மாற்றிக்கொள் என்றார்கள். வேறு பேங்கில் என் ஆதாரைப் போட்டுப் பார்த்துவிட்டு, பழைய கணக்கில் போலீஸ் பிரச்சினை இருக்கிறது, அதை முடித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். ஜூலைச் சம்பளமும் அந்தப் பூட்டுக்குள்ளேயே போய் விழுந்துவிட்டது.

மகளிர் குழு. போன கடனில் இரண்டு தவணை பாக்கி. அந்தத் தவணையும் முடங்கிய கணக்கிலிருந்துதான் போக வேண்டும். குழுத் தலைவி வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினாள்.

தெருக்கோடி வேம்புலியம்மாள். மாதம் பத்து வட்டி. சரி என்றேன். அவள் கடன் கொடுக்கும் விதம் உனக்குத் தெரியும், ஏ.டி.எம். கார்டையும் ரகசிய நம்பரையும் அடமானமாக வாங்கி வைத்துக்கொள்வாள், சம்பளம் விழுந்த அன்றைக்கே எடுத்துக்கொள்வாள். என் கார்டை வாங்கிக்கொண்டு அவள் மகனை ஏ.டி.எம்.முக்கு அனுப்பினாள். திரும்பி வந்ததும் கார்டை என் மடியில் போட்டுவிட்டாள். "செத்த கார்ட எடுத்துகினு வந்து கடன் கேக்குறியே, இன்னா தெகிரியம் உனக்கு?"

கலியமூர்த்தி. ஆமாம், வர்ஷாவைப் பெற்றவன். ஆறு வருஷமாக முகத்தில் விழிக்காத மனுஷனைத் தேடிப் பாரிவாக்கம் போனேன். அவன் இப்போது வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை கதவைத் திறந்து, அப்பா இல்லை என்றது. உள்ளே அவன் இருமும் சத்தம் எனக்குக் கேட்டது.

மதியம் கம்பெனி கேன்டீனில் சாப்பிடுகிறேன். ராத்திரிக்கு ரேஷன் அரிசி. வாடகைக்கு வீட்டுக்காரர் இன்னும் வாய் திறக்கவில்லை. வர்ஷா மட்டும் தினமும் கவுன்சலிங் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தரவரிசையில் அவள் பெயர் நல்ல இடத்தில் இருக்கிறது. இருபதாம் தேதிக்குள் சீட் தெரிந்துவிடும். ஆகஸ்ட் 29க்குள் எண்பத்து நாலாயிரம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

நீ கோழை என்று எனக்குத் தெரியும்தான். கோழைக்கும் ஒரு தடவை வாய்ப்பு வரும். உன் பெயிலா, அவள் படிப்பா என்று நான் கேட்கக் கூடாது. கேட்கிறேன். அந்தக் காகிதம் இல்லாத கடிதம் எதுவும் எனக்கு எழுதாதே.

எழிலரசி


புழல்
14 ஆகஸ்ட் 2025

அக்கா,

இதோடு இருக்கிறது. சிறை அலுவலக முத்திரை இருக்கிறது, பார்த்துக்கொள். ஆசிக் சாரிடம் சொல்லவில்லை. தரையில் வைத்து எழுதினேன், எழுத்து கோணலாக இருக்கும்.

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

கிருபா

(இணைப்பு)

கிளை மேலாளர் அவர்களுக்கு. பாஸ்கரன் மகன் கிருபாகரன், வயது 27, விசாரணைக் கைதி, எழுதிக் கொடுப்பது. 11.4.2025 அன்று என் கணக்கிலிருந்து என் அக்கா எழிலரசியின் கணக்குக்குப் போன ரூபாய் 38,000, என் கணக்கைப் பிறர் பயன்படுத்தக் கொடுத்ததற்காக எனக்குக் கிடைத்த கமிஷன். தவறான பணம் என்று தெரிந்தே வாங்கினேன். அதை அக்காவுக்குக் கொடுக்க வேண்டிய கடனுக்காக அனுப்பச் சொன்னேன். அது எந்த வழியில் வந்தது என்று அவருக்குத் தெரியாது. அவர் மகள் வர்ஷாவின் கணக்கில் உள்ள பணத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது யாரும் மிரட்டாமல் நானே எழுதியது.


கொரட்டூர்
22 ஆகஸ்ட் 2025

கிருபா,

ஆசிக் சார் கையில் இதைத் தருகிறேன், படித்துவிட்டுக் கிழித்துவிடு.

உன் காகிதம் 18ஆம் தேதி வந்தது. மறுநாளே பேங்குக்கு எடுத்துக்கொண்டு போனேன். மேனேஜர் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அதை இன்னொரு தடவை படித்தேன். தெரிந்தே வாங்கினேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வார்த்தையில் மட்டும் பேனா அழுந்தி காகிதம் கிழிந்திருக்கிறது. என் முறை வந்தது. உள்ளே போனேன். குறைதீர்ப்பாளருக்கு மனு போட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். பையைத் திறக்கவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

மூன்று வாரமாக உன்னிடம் கெஞ்சி, திட்டி, வாங்கிய காகிதம். கொடுக்க எனக்குக் கை வரவில்லை. நீ ஏழாம் வகுப்பில் ஆவடி குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டியில் ஏறி விழுந்தபோது, ஃபேக்டரி ஆஸ்பத்திரி வரைக்கும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். உன்னை என் கையாலேயே உள்ளே வைத்துப் பூட்ட முடியவில்லை. காகிதத்தை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அனுப்பிவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன்.

இருபதாம் தேதி வர்ஷாவுக்குச் சீட் கிடைத்துவிட்டது. பூந்தமல்லி பக்கத்தில், அரசு ஒதுக்கீடு. மொபைலைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். சிரிக்கக்கூட இல்லை. "பணம் எப்பம்மா வரும்?" என்றாள். வந்துவிடும் என்றேன். எப்படி என்று கேட்டாள். துணி துவைக்கப் போய்விட்டேன்.

இன்று காலை பேங்கில் தரையில் உட்கார்ந்துவிட்டேன், கிருபா. பிள்ளை பணத்தைக் கொடுக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று. செக்யூரிட்டி பெரியவர் வந்து காதில், "எந்திரிம்மா, போலீஸக் கூப்புடச் சொல்லிகினு கீறாங்கோ. நீ வேற உள்ள போயிடாத" என்றார். எழுந்துவிட்டேன். மேனேஜர் தண்ணீர் கொடுத்தார். அவரும் ஒன்றும் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. யாரைப் போய் அடிப்பது?

இன்னும் ஏழு நாள். நடுவில் சனி, ஞாயிறு, பிள்ளையார் சதுர்த்தி. காகிதத்தைத் திருப்பி அனுப்பவும் மனசு வரவில்லை, கொடுக்கவும் வரவில்லை. என்ன செய்யட்டும் என்று எழுதாதே. உன் பதில் வருவதற்குள் தேதி போய்விடும்.

அக்கா


கொரட்டூர்
30 ஆகஸ்ட் 2025

கிருபா,

இதையும் ஆசிக் சார் கையில்தான் கொடுக்கிறேன். பணம் கட்டியாகிவிட்டது. நேற்று மதியம் பன்னிரண்டு மணிக்கு. எப்படி என்று சொல்கிறேன், என்னைத் திட்டாதே. திட்டினாலும் சரி.

திங்கட்கிழமை நான் ஷிஃப்ட்டில் இருந்தபோது, சாதிச் சான்றிதழின் ஒரிஜினலைத் தேடி வர்ஷா பீரோவைக் கலைத்திருக்கிறாள். உன் காகிதம் கிடைத்திருக்கிறது. முத்திரை, தேதி, எல்லாம் பார்த்திருக்கிறாள். ஒரு வாரமாக அது வீட்டில் இருந்ததும் தெரிந்துவிட்டது. எனக்குப் போன் செய்யவில்லை. நேராக பேங்குக்குப் போய்விட்டாள்.

மேனேஜர் அதை அப்போதே ஸ்கேன் செய்து அந்த மாநிலத்துப் போலீசுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறார். நான் இரண்டு மாதமாக எழுதிய எட்டு மனுவுக்கு அசையாதது மூன்று நாளில் அசைந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் கணக்கு திறந்தது. முப்பத்தெட்டாயிரத்தை மட்டும் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது வர்ஷா கதவோரம் நின்றிருந்தாள். அவள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கும் போடவில்லை.

"மாமா எழுதிக் குடுத்துட்டாரு. நீதான் ஒளிச்சு வெச்சிருந்த. அவர் மேல உனக்கு அவ்ளோ வெறுப்பாம்மா? அவர் எழுதிக் குடுத்ததுல நான் படிச்சிடக் கூடாதா?"

நான் வாயைத் திறந்தேன். அந்தக் காகிதம் உன் பெயிலைக் கெடுக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எதற்காக ஒளித்து வைத்தேன் என்று சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைச் சொன்னால், தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பதினேழு வயதுப் பிள்ளை. மாமாவை உள்ளே தள்ளிவிட்டு வந்த சீட் என்று தெரிந்தால் அந்தக் காலேஜில் போய் உட்காருவாளா?

ஆமாம், வெறுப்புதான் என்று சொல்லிவிட்டேன்.

ஆசிக் சாரிடம் போனில் சொல்லிவிட்டேன். பார்க்கலாம் என்றார். 4ஆம் தேதி கோர்ட்டுக்கு வருகிறேன்.

அக்கா


புழல்
6 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

கோர்ட்டில் உன்னைப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் தூணுக்குப் பக்கத்தில். திரும்ப விடவில்லை. அதனால்தான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அரசு வக்கீல் என் காகிதத்தின் நகலை எடுத்துப் படித்தபோது என் எழுத்து வேறு யாரோ எழுதியது மாதிரி இருந்தது. அங்கே போனது இங்கே வழக்கு நடத்தும் போலீசுக்கு வந்து, கோர்ட்டுக்கும் வந்துவிட்டது. நாலே நிமிஷம். மனு தள்ளுபடி. ஆசிக் சார் எனக்காக நன்றாகத்தான் பேசினார். வெளியே வந்ததும், "சொன்னா கேக்குறியாடா நீ" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். அடி மாதிரி இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். நீ அதைக் கொடுக்கவில்லை என்று 22ஆம் தேதிக் கடிதத்தில் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தப்பித்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன். வர்ஷா ஞாபகம் அதற்குப் பிறகுதான் வந்தது. என் லட்சணம் இவ்வளவுதான். ஆகவே என்னைப் பெரிய தியாகி மாதிரி நினைத்து அழாதே. பாப்பா முந்திக்கொண்டது நல்லதுதான். நம் இரண்டு பேரை விட்டிருந்தால் 29ஆம் தேதி போயே போயிருக்கும்.

அவளிடம் சொல்லாதே. பெயில் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால், ஜட்ஜ் மாறிவிட்டார், வக்கீல் சரியில்லை, எது வேண்டுமானாலும் சொல். ஆசிக் சாரிடமும் சொல்லிவிட்டேன். அவர் தலையில் போட்டாலும் தாங்குவார்.

கட்டிய ரசீதின் ஜெராக்ஸ் ஒன்று அனுப்பு. இங்கே தூக்கத்தில் அழுகிற ஆளிடம் காட்ட வேண்டும். அவனுக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

கிருபா


கொரட்டூர்
15 செப்டம்பர் 2025

கிருபா,

ரசீது ஜெராக்ஸ் இதோடு இருக்கிறது. இரண்டு எடுத்தேன், ஒன்று அவனுக்கே கொடுத்துவிடு.

வர்ஷாவை நேற்று ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். ஹாஸ்டல் வாசலில் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். இவள் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தாள். சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"அடுத்த வாரம் எனக்குப் பதினெட்டு ஆயிடும். அப்புறம் உன் கையெழுத்து வேணாம். நானே போய் மாமாவைப் பார்த்துக்குறேன். உனக்குத்தான் அவர் வேணாம்" என்றாள்.

சரி என்றேன்.

அவள் வருவாள், கிருபா. சொன்னால் செய்கிற பெண். கம்பிக்கு அந்தப் பக்கம் உன்னைப் பார்த்ததும் அழுவாள். அம்மா இப்படிச் செய்துவிட்டாள், நீங்கள் கொடுத்ததை ஒளித்துவிட்டாள் என்று சொல்வாள். உனக்கு மனசு கேட்காது. உன்னை எனக்குத் தெரியும்.

வாயை மூடிக்கொண்டு இரு. என்னைப் பற்றி அவளிடம் நல்லதாக எதுவும் சொல்லிவிடாதே.

அக்கா